கொசு எவ்வளவு தூரம் போகிறது? உறவுமுறையை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு தான் பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போய் முட்டையிடும் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஐம்பது மீட்டர் என்பார் ஒருவர், அரைக் கிலோமீட்டர் என்பார் இன்னொருவர். டெங்கு வந்த வீட்டைச் சுற்றி எத்தனை வீடு தள்ளி மருந்தடிப்பது, வோல்பாக்கியா (கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் ஒரு பாக்டீரியா) ஏற்றிய கொசுக்களை எவ்வளவு இடைவெளியில் விடுவது என்று எதைத் தீர்மானிக்கவும் இந்த எண் வேண்டும். புதுச்சேரியில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் (வி.சி.ஆர்.சி.) வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசு வகைகளை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்ததிலிருந்து நம் பக்கத்திலும் இந்தக் கேள்விக்கு அவசரம் கூடிவிட்டது.

பழைய வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொசுக்களை வளர்த்து, ஒளிரும் பொடி தூவி, ஓர் இடத்தில் விட்டுவிட்டு, சுற்றிலும் மறுபடி பிடித்து எண்ணுவது. தாய்லாந்திலும் போர்ட்டோ ரிக்கோவிலும் இப்படிச் செய்த வேலைகளைத் தொகுத்து 2005இல் வந்த ஆய்வில், திரும்பப் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை விட்ட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் கிடைத்தன. நல்ல ஆய்வு, இன்றும் பயன்படுகிறது. ஆனால் இந்த வழியில் சில தொல்லைகள் உண்டு. கூண்டில் வளர்ந்து பொடி பூசிய கொசு, தெருவில் பிறந்த கொசுவைப் போலவே நடந்துகொள்ளுமா என்பது சந்தேகம். விடுவதில் மிகச் சிலதான் திரும்பக் கிடைக்கும். டெங்கு இருக்கும் தெருவில் கடிக்கிற பெண் கொசுக்களைக் கொண்டுபோய் விடுவது அந்தத் தெருக்காரர்களுக்குச் செய்யும் நியாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கொசு எங்கே பறந்தது என்றுதான் அது சொல்லும். அதன் பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று சொல்லாது. அடுத்த தலைமுறை எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதுதான் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு வேண்டிய விஷயம்.

கொசுவை விட்டுப் பிடிக்காமலேயே இதைக் கண்டுபிடிக்க இப்போது வழி இருக்கிறது. ஒரு பகுதியில் பல இடங்களில் கொசு முட்டைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றின் மரபணுவையும் படித்து, எது எதற்கு உடன்பிறப்பு, எது எதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று கண்டுபிடித்து, அந்த உறவுக்காரர்கள் எவ்வளவு தள்ளித் தள்ளிக் கிடைத்தார்கள் என்பதிலிருந்து கணக்குப் போடுவது. மலேசியாவில் டெங்கு அதிகம் உள்ள ஒரு பகுதியில், நெருக்கமாக நிற்கும் எட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் 162 ஏடிஸ் எஜிப்தி கொசுக்களைச் சேகரித்து இப்படிச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. இந்தக் கட்டுரையில் சொல்லும் கணக்கு முறை பெரும்பாலும் அந்த வழியைச் சேர்ந்தது. பூச்சியியல் படித்துவிட்டு மரபணுப் பக்கம் வருகிறவர்களையும், மரபணு தெரிந்து கொசுப் பக்கம் வருகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் குடும்ப மரத்தை வரையுங்கள்

பொறி வாங்குவதற்கும் முன்பே ஒரு தாளை எடுத்துக் கொசுவின் குடும்ப மரத்தை வரைந்துவிடுங்கள். முழு வேலையும் அதன் மேல்தான் நிற்கிறது. இரண்டு கொசுக்கள் உறவு, நூறு மீட்டர் தள்ளிக் கிடைத்தன என்றதும் "கொசு நூறு மீட்டர் பறந்திருக்கிறது" என்று எழுதக் கை பரபரக்கும். முட்டையாகவோ புழுவாகவோ எடுத்த அந்த இரண்டும் எங்கேயும் பறக்கவே இல்லை. பறந்தது அம்மா, அல்லது அப்பா, அல்லது பாட்டி. எந்த உறவு என்பதைப் பொறுத்து யார் பறந்தார்கள், எத்தனை முறை பறந்தார்கள் என்பது மாறும்.

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு ஆணின் விந்தைத்தான் பயன்படுத்தும். ரத்தம் குடித்து முட்டைகள் முதிர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இட்டுவிடாமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பல இடங்களில் பிரித்து வைக்கும். ஆகவே இரண்டு முழு உடன்பிறப்புகள் வெவ்வேறு பொறிகளில் கிடைத்தால், அந்த இடைவெளி ஒரு தாய் முட்டையிட்டுக்கொண்டே அலைந்த தூரம். அதில் அப்பாவுக்கு வேலையே இல்லை.

அடுத்து, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக உள்ளவை. ஆண் பல பெண்களோடு சேரும், பெண் ஒரு தடவைதான் என்பதால், ஏடிஸில் இந்த வகை பெரும்பாலும் ஒரே அப்பா, வேறு வேறு அம்மா. இந்த இடைவெளிக்குள் அந்த ஆண் இரண்டு பெண்களுக்கு நடுவே சுற்றியதும் இருக்கிறது, சேர்ந்த பிறகு ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாகப் போய் முட்டையிட்டதும் இருக்கிறது.

பிறகு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். அத்தை பிள்ளையோ, சித்தப்பா பிள்ளையோ, மரபணுக் கணக்குக்கு எல்லாம் ஒன்றுதான். இங்கே பாட்டி இரண்டு இடத்தில் முட்டையிடுகிறாள். அந்த இரண்டு முட்டைகளிலிருந்து வந்தவை வளர்ந்து, பறந்து, துணை தேடி, அவற்றின் பிள்ளைகள் வேறு வேறு இடத்தில் பிறக்கின்றன. அதாவது ஒன்றுவிட்டவர்களின் இடைவெளியில் பாட்டி முட்டையிட அலைந்தது ஒரு பங்கு, பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு நடந்த முழுத் தலைமுறை நகர்வு இரண்டு பங்கு. முழு உடன்பிறப்புகளை வைத்து முதல் பங்கு தெரிந்துவிட்டால் அதைக் கழித்துவிடலாம். மீதியை இரண்டால் வகுத்தால் ஒரு தலைமுறையின் நகர்வு கையில் வந்துவிடும். தந்திரம் இவ்வளவுதான்.

பொறிகளை எங்கே வைப்பது

ஆய்வகத்தில் நடக்கும் தவறுகளில் பலவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பொறி வைத்த வரைபடம் மோசமாக இருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. நேரத்தையும் யோசனையையும் இதில் போடுங்கள்.

பரப்பு, நீங்கள் எதிர்பார்க்கும் நகர்வைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். 150 மீட்டர் அகலமுள்ள ஒரு வளாகத்துக்குள் மட்டும் பொறி வைத்துவிட்டு "கொசு 150 மீட்டர் தாண்டுவதில்லை" என்று முடிவு சொல்வது, தாண்டியவற்றைத் தேடவே இல்லை என்பதை மறைப்பது. அதே நேரம் பொறிகள் மிகத் தள்ளித் தள்ளி இருந்தாலும் வீண். முழு உடன்பிறப்புகள் பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்தான் கிடைக்கும், அந்த ஜோடிகள் கிடைக்காவிட்டால் கழிக்க வேண்டிய முதல் பங்கே கிடைக்காது. அதனால் சில இடங்களில் பத்து, இருபது மீட்டர் இடைவெளியில் கொத்தாகவும், அந்தக் கொத்துகளை பரந்த பரப்பில் சிதறியும் வைப்பது நல்லது. சீரான கட்டம்தான் அழகாக இருக்கும் என்று அதில் மயங்க வேண்டாம்.

முட்டைப் பொறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்பு நிறக் குவளை, அதில் பாதி அளவு தண்ணீர், வைக்கோல் ஊறிய தண்ணீராக இருந்தால் பெண் கொசு இன்னும் விரும்பி வரும், உள்ளே நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி ஒரு சொரசொரப்பான காகிதப் பட்டை அல்லது துணிப் பட்டை. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டி அந்தப் பட்டையில் கறுப்புப் புள்ளிகளாக, எள்ளைவிடச் சின்னதாக, வரிசை கட்டி ஒட்டியிருக்கும். கைப்பெருக்கி இல்லாமல் பார்த்தால் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடத் தோன்றும். ஒரு வாரத்துக்கு மேல் பொறியை அப்படியே விடாதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் குவளையே கொசு உற்பத்தி செய்யும் இடமாகிவிடும். வைத்த குவளைகளுக்கு எண் போட்டு, எடுக்கும்போது ஒவ்வொன்றையும் சரிபார்த்து எடுங்கள். வீட்டுக்காரரிடம் எதற்காக வைக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்காமல் வைக்கவே கூடாது.

இடத்தைக் குறிப்பதில் கவனம். கைபேசியின் ஜி.பி.எஸ். உயரமான கட்டடங்களுக்கு நடுவே பத்து மீட்டர், அதற்கு மேலும்கூடத் தவறும். நீங்கள் அளக்கப் போகும் உடன்பிறப்பு இடைவெளியே அந்த அளவுதான் இருக்கலாம். கட்டட வரைபடத்தையோ செயற்கைக்கோள் படத்தையோ அச்செடுத்து அதில் கையால் புள்ளி வைத்து, அதிலிருந்து ஆயத்தொலைவு எடுப்பது மேல். அடுக்குமாடி என்றால் எந்த மாடி என்பதையும் எழுதுங்கள். மேல் கீழ்த் தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், விடை வந்த பிறகு அல்ல.

காலமும் இடத்தைப் போலவே முக்கியம். எல்லாப் பொறிகளையும் சில வாரங்களுக்குள் வைத்து எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தால் சித்தியும் அக்கா மகளும் ஒரே பட்டியலில் வந்துவிடுவார்கள், உறவு வகைகளைப் பிரிக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் உங்கள் பொறியில் புதிதாக வைத்த பட்டையில் உள்ள முட்டை அந்த வாரத்தில் இட்டதுதான், அந்த விதத்தில் பழைய தொட்டியில் அள்ளிய புழுவைவிட முட்டைப் பொறி நம்பகமானது.

ஒரு பொறியிலிருந்து எத்தனை கொசு எடுப்பது? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, எளிய பதில் கிடையாது. ஒரு பட்டையில் இருக்கும் முப்பது முட்டையில் பல ஒரே தாயின் பிள்ளைகள். எல்லாவற்றையும் எடுத்தால் பணம் முழுக்க ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் போய்விடும், இடைவெளி பூஜ்யம் என்ற ஜோடிகள் குவிந்து விடையைக் கீழே இழுத்துவிடும். பொறிக்கு ஒன்று மட்டும் எடுத்தால் பூஜ்ய ஜோடியே வராது, விடை மேலே ஏறிவிடும். பொறிக்கு இரண்டு மூன்று என்று வைத்து, எல்லாப் பொறிக்கும் ஒரே விதியைக் கடைப்பிடிப்பதும், பிறகு கணினியில் அதே விதியோடு போலிக் கொசுக்கூட்டத்தை ஓட்டிப் பார்த்து எவ்வளவு சாய்கிறது என்று அறிவதும்தான் நான் சொல்லும் வழி.

மொத்தம் எத்தனை வேண்டும் என்றால், ஜோடிகளை எண்ணிப் பாருங்கள். 162 கொசு என்றால் 13,041 ஜோடி. அதில் உறவுக்கார ஜோடிகள் மிகச் சொற்பமே இருக்கும். அந்தச் சொற்பம்தான் உங்கள் தரவு.

முட்டையிலிருந்து டி.என்.ஏ. வரை

பட்டைகளை மெதுவாகக் காயவைத்து, பிறகு தண்ணீரில் மூழ்கவைத்துக் கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்தால் பொரிக்கும். ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரில் ஏடிஸ் முட்டை நன்றாகவே பொரிக்கும். ஒவ்வொரு பட்டையையும் தனிக் கிண்ணத்தில் வளருங்கள். ஒரே குவளையில் ஏடிஸ் அல்போபிக்டஸும் முட்டையிட்டிருக்கும், அதனால் முடிந்தவரை முழுக் கொசுவாகும் வரை வளர்ப்பது நல்லது: எஜிப்திக்கு முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடு, அல்போபிக்டஸுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

வளர்ந்த கொசுவை வெளியே பிடித்து வேலை செய்தால் வேறு சிக்கல்கள் வரும். வயிற்றில் ரத்தம் இருந்தால் மனித டி.என்.ஏ. கலந்துவிடும். சேர்க்கை முடிந்த பெண் என்றால் உள்ளே ஆணின் விந்து இருக்கும், அதன் டி.என்.ஏ.வும் சேர்ந்து படிக்கப்பட்டு உறவுக் கணக்கைக் குழப்பிவிடும். கூட்டில் இருந்து வெளிவந்தவுடன், எதோடும் சேரவிடாமல் எடுத்துப் பாதுகாத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

எத்தனாலில் போட்டு வைக்கும் குப்பிகளில் பேனாவால் எழுதாதீர்கள், ஒரு துளி சிந்தினால் எழுத்து கரைந்து போகும். பென்சிலால் எழுதிய சின்னக் காகிதத் துண்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். கொசு கைவசம் இருந்து அது எந்தப் பொறி என்று தெரியாவிட்டால் அந்தக் கொசு இந்த வேலைக்குப் பயனே இல்லை.

ஒரே கொசுவிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ. கொஞ்சம்தான், ஆனால் போதும். ஏடிஸ் எஜிப்தியின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 128 கோடி எழுத்து நீளம், மூன்று ஜோடி குரோமோசோம்கள். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. இரண்டு நொதிகளால் வெட்டி, குறிப்பிட்ட நீளமுள்ள துண்டுகளை மட்டும் எடுத்துப் படிக்கும் டி.டி.ராட் என்ற முறை இந்தக் கொசுவுக்கு 2014 முதல் நன்றாகப் பழகிய ஒன்று. ஒவ்வொரு கொசுவின் துண்டுகளுக்கும் ஓர் அடையாள வரிசையை ஒட்டி எல்லாவற்றையும் ஒரே கலவையாக அனுப்பிப் படிக்கலாம், செலவு குறையும். ஏடிஸ் எஜிப்திக்கென்றே 2015இல் வந்த ஸ்னிப் சிப்பும் இருக்கிறது; ஸ்னிப் என்பது மரபணுத்தொகுதியில் கொசுவுக்குக் கொசு ஓர் எழுத்து மாறுபடும் இடம். எதை எடுத்தாலும், சில கொசுக்களின் டி.என்.ஏ.வை இரண்டு தடவை தனித்தனியாகத் தயாரித்து அனுப்புங்கள். ஒரே கொசுவின் இரண்டு முடிவுகள் எவ்வளவு முரண்படுகின்றன என்பதிலிருந்துதான் உங்கள் பிழை விகிதம் தெரியும்.

வந்த தரவை 2018இல் வெளியான குறிப்பு மரபணுத்தொகுதியோடு (ஒப்பிடுவதற்கென்று முழுவதும் படித்து வைத்திருப்பது) பொருத்தி, ஸ்டாக்ஸ் போன்ற மென்பொருளில் ஸ்னிப்களை எடுங்கள். பிறகு சல்லடை. பல கொசுக்களில் படிக்கப்படாத ஸ்னிப்கள் போகட்டும், ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மிக அரிதாகத் தென்படுபவற்றையும் விட்டுவிடுங்கள். முதல் குரோமோசோமில் ஆண்பால் தீர்மானிக்கும் இடத்தைச் சுற்றிப் பெரிய பகுதியில் மறுசேர்க்கை (ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) மிகக் குறைவு. அங்குள்ள ஸ்னிப்களை விட்டுவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், ஆண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவு போலத் தெரிவது நின்றுவிடும்.

யாருக்கு யார் உறவு

இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் உறவுக் கெழு, அதாவது உறவு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண், கணக்கிட வேண்டும். லோய்செல் முறைக் கெழு என்றால் எதிர்பார்க்கும் மதிப்புகள் இவை: முழு உடன்பிறப்புக்கு 0.25, ஒரு பெற்றோர் பொது என்றால் 0.125, ஒன்றுவிட்டவர்களுக்கு 0.0625, அதற்கும் பாதி உறவு என்றால் 0.03125. சில மென்பொருள்கள் இதைப்போல் இரு மடங்கு மதிப்பைத் தரும், அங்கே முழு உடன்பிறப்பு 0.5. எந்த அளவுகோலில் பார்க்கிறீர்கள் என்று தெரியாமல் ஒப்பிட்டால் உடன்பிறப்பு எல்லாம் ஒரு படி தள்ளிப்போய்விடும். இது அடிக்கடி நடக்கிறது.

எதிர்பார்ப்பு மதிப்பு என்பது சராசரிதான். உண்மையில் இரண்டு உடன்பிறப்புகள் எவ்வளவு பகிர்ந்துகொள்கின்றன என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, மனிதருக்கு 23 ஜோடி குரோமோசோம், இந்தக் கொசுவுக்கு மூன்றே ஜோடி, அதனால் இங்கே அந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். எத்தனை ஆயிரம் ஸ்னிப் சேர்த்தாலும் இது போகாது. அப்பா மட்டும் பொதுவானவர்களுக்கும் ஒன்றுவிட்டவர்களுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை உங்கள் தரவின் மரபு அலைவெண்களை (ஒரு ஸ்னிப்பின் ஒவ்வொரு வடிவமும் கூட்டத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற அளவு) வைத்தே தீர்மானியுங்கள்: அதே மரபு அலைவெண்களோடு, அதே குரோமோசோம் எண்ணிக்கையோடு, உறவு தெரிந்த போலிக் குடும்பங்களைக் கணினியில் உருவாக்கி, கெழுக்கள் எப்படிப் பரவுகின்றன என்று பாருங்கள். இரண்டு உறவு வகைகளின் வரைபடக் குன்றுகள் எங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றனவோ அந்தப் பகுதியில் விழும் ஜோடிகள் சந்தேகத்துக்குரியவை. கலனி போன்ற மென்பொருள் ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்காமல் குடும்பம் குடும்பமாகப் பார்த்து வகைப்படுத்தும். இரண்டு வழியிலும் ஒத்துவரும் ஜோடிகளை மனநிறைவோடு வைத்துக்கொள்ளலாம்.

0.125 என்ற எண் சித்திக்கும் அக்கா மகளுக்கும்கூட வரும், பாட்டிக்கும் பேத்திக்கும் வரும். 0.25 தாய்க்கும் மகளுக்கும் வரும். எண்ணை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. குறுகிய காலத்தில் முட்டைகளை மட்டும் எடுத்திருந்தால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே தலைமுறை, இந்தக் குழப்பம் தானாகக் குறைந்துவிடும். காலத்தைப் பற்றி முன்பே அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

இன்னொன்று: மரபு அலைவெண்களை உங்கள் மாதிரியிலிருந்தே எடுக்கிறீர்கள். மாதிரி முழுக்க நாலைந்து பெரிய குடும்பமாக இருந்தால் அந்தக் குடும்பங்களின் மரபுகளே "சராசரி" ஆகிவிடும், உறவுக் கெழுக்கள் எல்லாம் தாழ்ந்துவிடும். குடும்பத்துக்கு ஒருவரை மட்டும் வைத்து அலைவெண் எடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கணக்கு

ஓர் உறவு வகையில் உள்ள ஜோடிகளின் தூரங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, இரண்டால் வகுக்க வேண்டும். கொசு கிழக்கு மேற்காகவும் போகும், வடக்கு தெற்காகவும் போகும். நமக்கு வேண்டியது ஒரே ஓர் அச்சின் வழியான விலக்க வர்க்கச் சராசரி, அதனால்தான் இரண்டால் வகுக்கிறோம்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. முழு உடன்பிறப்பு ஜோடிகள் ஐந்து, தூரங்கள் 0, 0, 20, 40, 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்களின் கூட்டல் 5,600, சராசரி 1,120, பாதி 560. ஒன்றுவிட்ட ஜோடிகளும் ஐந்து, தூரங்கள் 20, 60, 100, 120, 200. வர்க்கங்களின் கூட்டல் 68,400, சராசரி 13,680, பாதி 6,840. இப்போது 6,840இலிருந்து 560ஐக் கழித்தால் 6,280, அதைப் பெற்றோர் பிள்ளை நகர்வு இரண்டுக்காக இரண்டால் வகுத்தால் 3,140. வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 56 மீட்டர். இதுதான் ஒரு தலைமுறை நகர்வின் அச்சுத் திட்டவிலக்கம், அதாவது ஓர் அச்சின் வழியே நகர்வு எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அளவு. பரவல் மணி வடிவம் என்று கொண்டால் இடைநிலை அளவு அதைப்போல் 1.18 மடங்கு, சுமார் 66 மீட்டர்: பாதிப் பிள்ளைகள் அதற்குள் பிறக்கும், பாதி அதற்கு வெளியே.

மலேசிய ஆய்வில் வந்த விடை: இடைநிலை 75 மீட்டர், ஒரு முட்டையிடும் சுற்றில் தாய் அலையும் ஆரம் 36 மீட்டர், தமக்குள் கலந்து பெருகும் சுற்றுவட்டத்தின் ஆரம் 129 மீட்டர். இந்தக் கடைசி எண் திட்டவிலக்கத்தைப்போல் இரு மடங்கு. சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் இதைப் போன்ற இன்னொரு முறையில் செய்து 2020இல் வந்த ஆய்வில் சராசரி 45 மீட்டர். பாதி நகர்வு 32 மீட்டருக்குள், பத்தில் ஒரு பங்குதான் 100 மீட்டரைத் தாண்டியது. இரண்டும் ஏடிஸ் எஜிப்தி, இரண்டும் அடுக்குமாடி. ஒன்று இடைநிலை, இன்னொன்று சராசரி, கணக்கு முறையும் வேறு, அப்படியே ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் கொசு வாழ்வது சில கட்டடங்களின் சுற்றளவுக்குள்தான் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்த பிறகு புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியில் கின்டிஸ்பர்ஸ் என்ற தொகுப்புக்குப் போங்கள். இதே கழித்தல் வேலையைச் செய்யும், நம்பிக்கை இடைவெளி (உண்மை விடை எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவே இருக்கலாம் என்ற வரம்பு) தரும், போலிக் கொசுக்கூட்டங்களை உங்கள் பொறி வரைபடத்தின் மேல் ஓட்டிப் பார்க்கவும் வசதி இருக்கிறது. அந்த ஓட்டத்தைப் பொறி வைப்பதற்கு முன்பே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

நம்பிக்கை இடைவெளி போடும்போது ஒரு கண்ணி உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த ஆறு பேர் கிடைத்தால் அதுவே பதினைந்து ஜோடி. அவை பதினைந்தும் தனித்தனிச் சாட்சிகள் கிடையாது, ஒரே தாயின் ஒரே அலைச்சல். அந்த வரம்பைக் கணக்கிடத் தரவிலிருந்து மறுபடி மறுபடி குலுக்கி எடுக்கும்போது ஜோடிகளாகக் குலுக்காமல் குடும்பங்களாகக் குலுக்குங்கள். நம்பிக்கை இடைவெளி அகலமாகிவிடும், பார்க்க வருத்தமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான்.

தனியாகத் தள்ளி நிற்கும் ஜோடிகள்

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில் செய்து 2018இல் வந்த ஆய்வில், நெருங்கிய உறவுக்கார ஜோடி ஒன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கிடைத்தது. இப்படி ஒன்று உங்கள் தரவில் வந்தால் முதலில் குப்பி மாறிவிட்டதா என்று பாருங்கள், அது இல்லையென்றால் தூக்கி எறியாதீர்கள். தூரம் வர்க்கமாவதால் அந்த ஒரே ஜோடி விடையை இரண்டு மடங்காக்கிவிடலாம். அதைச் சேர்த்து ஒரு விடை, சேர்க்காமல் ஒரு விடை, இரண்டையும் எழுதுங்கள். தாய்க் கொசு காரில் ஏறிப் போயிருக்கலாம், முட்டை ஒட்டிய பூந்தொட்டியை யாராவது வண்டியில் ஏற்றிப் போயிருக்கலாம். அடிக்கடி நடக்கும் குறுகிய பறத்தல் ஒரு விஷயம், எப்போதாவது நடக்கும் இந்த நீண்ட பயணம் இன்னொரு விஷயம். மருந்தடிக்கும் சுற்றளவை முதலாவது சொல்லும்; கொசு ஒழிந்த ஊருக்கு மறுபடி எப்படி வந்தது என்பதை இரண்டாவது சொல்லும்.

நிலப்பரப்பும் கணக்கில் வர வேண்டும். அதே கெய்ர்ன்ஸில் பெரிய சாலைகள் ஏடிஸுக்குத் தடையாக நிற்பது தெரிந்தது. டிரினிடாட்டில் யூரியா பட்லர் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்துக் கொசுக்களும் மரபளவில் பிரிந்திருப்பதை 2010இல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் வரைபடத்தில் சாலை, ஆறு, வெறும் மைதானம் எதுவாக இருந்தாலும், அதன் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் பொறி வைத்திருந்தால், குறுக்கே கிடைத்த உறவு ஜோடிகளையும் ஒரே பக்கத்தில் அதே தூரத்தில் கிடைத்தவற்றையும் ஒப்பிடலாம். எத்தனை ஜோடி கிடைத்தது என்பதை மட்டும் பார்க்காமல், அந்தத் தூரத்தில் மொத்தம் எத்தனை ஜோடி கிடைத்திருக்க முடியும் என்பதால் வகுத்துப் பாருங்கள்.

இந்தத் தடைகள் கெய்ர்ன்ஸில் எதற்கு முக்கியமாயின என்றால், 2013இல் அங்கே விட்ட வோல்பாக்கியா கொசுக்கள் ஆண்டுக்கு 100 முதல் 200 மீட்டர் வேகத்தில்தான் சுற்றுப்பகுதிக்குப் பரவின. விட்ட மூன்று இடங்களில் மிகச் சிறிய இடத்தில் நிலைக்கவே இல்லை. சுற்றியிருந்து வந்த சாதாரணக் கொசுக்கள் அதைக் கரைத்துவிட்டன. எவ்வளவு பெரிய இடத்தில் விட்டால் நிற்கும் என்பது ஒரு தலைமுறை நகர்வைப் பொறுத்தது, கணக்கில் வந்த அந்தத் திட்டவிலக்கம் நேராக அங்கே போய் உட்காருகிறது.

எல்லாக் கொசுவுக்கும் இது உதவாது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, நீங்கள் எடுத்த சில நூறில் இரண்டு பேர் உறவாக இருக்கும் வாய்ப்பு சுருங்கும். மாலியில் தரையிலிருந்து 40 முதல் 290 மீட்டர் உயரத்தில் காற்றோடு இரவெல்லாம் போகும் அனோபிலிஸ் (மலேரியாவைப் பரப்பும் இனம்) கொசுக்களைப் பலூனில் கட்டிய வலைகளில் பிடித்திருக்கிறார்கள். அப்படிப் போகும் கொசுவின் ஒன்றுவிட்ட தம்பியைப் பக்கத்துக் கிராமத்தில் தேடி ஒன்றும் ஆகாது. பெருங்கூட்டமாக, வயல்வெளியில் பெருகும் கொசுக்களுக்கு வேறு முறைதான் வேண்டும். வீட்டைச் சுற்றியே வாழும், கூட்டம் சிறிதாக இருக்கும் ஏடிஸ் போன்றவற்றுக்கு இது பொருத்தமான வழி.

மழைக்காலத்தில் ஒன்று, வறண்ட காலத்தில் ஒன்று என்று இரண்டு தடவை சேகரிக்க முடிந்தால் செய்யுங்கள். தண்ணீர் எங்கும் நிற்கும்போது தாய் அதிகம் அலையத் தேவையில்லை, பாத்திரங்கள் காய்ந்த காலத்தில் அவள் தேடிப் போக வேண்டியிருக்கும் என்று நினைக்க இடம் இருக்கிறது. முழு உடன்பிறப்பு இடைவெளியை மட்டும் இரண்டு காலத்துக்கும் ஒப்பிட்டாலே இது உண்மையா என்று தெரிந்துவிடும். எழுதி வெளியிடும்போது திட்டவிலக்கத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு உறவு வகையிலும் எத்தனை ஜோடி, எத்தனை குடும்பம், கோடு எங்கே போட்டீர்கள் என்பதையும், எல்லாப் பொறிகளின் ஆயத்தொலைவையும் சேர்த்துக் கொடுங்கள். முட்டையே விழாத பொறிகளும் அதில் இருக்க வேண்டும்.